பிகாஸ் சாரும் நாற்காலிக்கு அடியில் இருந்த பையும்

தாம்பரத்தில் ஆரம்பித்து மேடவாக்கம் வரை வீடு வீடாகப் போய் விசாரித்தாலும், எங்கள் பிகாஸ் சாரைப் போல எதையும் நம்பாத ஒரு மனிதரை நீங்கள் பார்க்க முடியாது. காய்கறிக்காரர் கொசுறாகக் கொத்தமல்லி கொடுத்தால் வாங்க மாட்டார். "சும்மா ஏன் குடுக்கறான்?" என்று இரண்டு தெரு தள்ளிப் போகும்வரை யோசிப்பார். மழை வரும் என்று செய்தியில் சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வெயில் அடிக்கும் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போவார். கேஸ் சிலிண்டர் வந்ததும் எடை போடுவார். பிறகு தராசு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத் தானும் ஒருமுறை ஏறி நிற்பார்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதற்கு நேர் எதிரே ஒரு பழைய மாடி வீடு. அதன் முதல் மாடி முன்னறையில்தான் பிகாஸ் சார் ஆங்கில வகுப்பு நடத்தினார். மாணவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். காலை ஆறரை மணி வகுப்பு. வாசலில் 'ஆங்கிலம் கற்றுத்தரப்படும்' என்று ஒரு பலகை தொங்கும். பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது. பெயரைப் போட்டால் யாராவது தெரிந்துகொண்டுவிடுவார்களாம். அவருடைய உண்மையான பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கூரியர்காரருக்குக்கூட 'மாடி வீடு' என்றுதான் தெரியும்.

தெருவும் அவரைச் சும்மா விடவில்லை. ரகசிய போலீஸ் என்றார்கள், வருமான வரித்துறையிலிருந்து வேவு பார்க்க வந்தவர் என்றார்கள். என் மனைவி ஒருபடி மேலே போய், "அவர் இங்கிலீஷ் வாத்தியாரே இல்லங்க, அது சும்மா வெளிவேஷம்" என்றாள். அவர் எங்களைச் சந்தேகப்பட்டார், நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டோம். இப்படி ஒரு சமநிலையில் தெரு நிம்மதியாக இருந்தது.

நான் அவரிடம் மாட்டியது என் வேலையால். பம்மலில் தோல் பைகள் செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவு எனக்கு. ஒருமுறை சரக்கு தாமதமானதற்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நானே ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினேன். மழை வந்தது அண்ட் பெட்டி நனைந்தது அண்ட் லாரி நின்றது அண்ட் டிரைவர் வீட்டுக்குப் போனார் அண்ட் நாங்கள் வருந்துகிறோம் என்று மூச்சுவிடாமல் ஒரே வாக்கியம். 'உங்கள் டிரைவர் இப்போது நலமா?' என்று கேட்டுப் பதில் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எங்கயாவது போய் இங்கிலீஷ் கத்துக்கோப்பா" என்றார்.

மறுநாள் காலை மாடி ஏறினேன். கதவு நான்கு விரல் அகலம் திறந்தது.

"என்னைப் பத்தி யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். போர்டு பாத்தேன்."

"போர்டுல என் பேரே இல்லையே."

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி என்கிட்ட வந்தீங்க?"

நான் இறங்கிப் போகத் திரும்பினேன். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

வகுப்பில் நாங்கள் நான்கு பேர். அதில் முக்கியமானவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி. வங்கியில் ஓய்வு பெற்றவர். தண்ணீர் லாரி எப்போது வரும், மாடியில் யார் துணி காயப்போடலாம் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் சுற்றறிக்கை விட்டால்தான் ஜனங்கள் மதிப்பார்கள் என்பது அவருடைய கட்சி. எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. என் நோட்டைப் பார்த்து எழுதும் உரிமையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

பிகாஸ் சாருக்கு இலக்கணத்தில் தெரிந்ததும் பிடித்ததும் ஒன்றே ஒன்றுதான், இரண்டு சின்ன வாக்கியங்களை ஒன்றாகச் சேர்ப்பது. சேர்ப்பது என்றால் அவருக்குக் கல்யாணப் பேச்சு மாதிரி. இரண்டு பக்கமும் தீர விசாரிக்காமல் முடிச்சுப் போட விடமாட்டார்.

"அண்ட் ஷேர் ஆட்டோ மாதிரி. யார் வேணா ஏறலாம், யாரும் யாருக்கும் சொந்தமில்ல. பட் கொஞ்சம் சண்டைக்காரன், ஆனா நேர்மையானவன். பிகாஸ் இருக்கே, அதுகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும். அது போடணும்னா சாட்சி வேணும்."

அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். 'அவன் வேலைக்கு வரவில்லை. அவனுக்கு ஜுரம்' என்று கொடுத்திருந்தார். நான் நடுவில் பிகாஸ் போட்டுச் சேர்த்தேன். உலகமே அப்படித்தான் சேர்க்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வரலைங்கறது நாம பாத்தது. ஜுரம்ங்கறது அவன் சொன்னது. ரெண்டையும் எந்த தைரியத்துல ஒட்டுனீங்க? யார் பாத்தது?"

இந்த 'யார் பாத்தது?' வகுப்பில் ஒரு நாளைக்கு இருபது முறையாவது விழும். பயிற்சி வாக்கியங்களைப் புத்தகத்திலிருந்து எடுக்க மாட்டார். புத்தகம் போட்டவனை அவருக்குத் தெரியாதே. மாலையில் பால்கனியில் உட்கார்ந்து, தெருவில் கண்ணால் பார்த்ததை மட்டும் ஒரு நீள நோட்டில் நேரம் போட்டு எழுதி வைப்பார். அதிலிருந்துதான் எங்களுக்குக் கேள்வி வரும். 'ஒரு வெள்ளை வேன் வந்தது. பத்து நிமிடம் நின்றது. யாரும் இறங்கவில்லை.' ஆங்கிலத்தில்தான் இருக்கும், நான் தமிழில் சொல்கிறேன். இதைச் சேர்த்து எழுதும்போதே நாங்கள் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை தேர்வு. அன்றைக்கு எல்லோரும் அவரவர் பையை வாய் கட்டி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அவரே தாள் கொடுப்பார். பையைத் தொட்டால் காப்பி அடிக்கிறோம் என்று அர்த்தம். ஐம்பது வயதில் நாங்கள் யாரைப் பார்த்துக் காப்பி அடித்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறோம் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. பைகள் எல்லாம் கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் துணிப்பைகள். ஒவ்வொரு வீட்டிலும் இருபது முப்பது இருக்கிறதே, வேறு எதற்குத்தான் பயன்படுத்துவது?

இனி பவானி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மதில் சுவரை ஒட்டிய புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். பதினான்கு வருடமாக அதே இடம், அதே கரிப்பெட்டி. தேய்த்த துணிகளைப் பையில் போட்டு, வீட்டு எண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கொண்டுவந்து தருவார். வீடு பூட்டியிருந்தால் வாசல் கிரில் கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். பதினான்கு வருடத்தில் ஒரு கைக்குட்டை தொலைந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை செகரட்டரி வீட்டில் பெரிய கலவரம். மேடவாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி திரும்பி வந்து, மறுநாள் கல்யாணத்துக்குக் கட்ட அரக்கு நிறப் பட்டுப்புடவையைத் தேடினார். காணோம். இஸ்திரிக்குக் கொடுத்த புடவை.

"வியாயக்கெழமயே எட்த்துகினு போயி கிரில்லுல மாட்டிட்டேம்மா" என்றார் பவானி அக்கா. "வூடு பூட்டிக்கெடந்துச்சு."

"நான் வியாழக்கிழமை சாயந்திரமே வந்துட்டேன். எந்தப் புடவையும் இல்ல" என்றார் செகரட்டரி.

அம்மாள் வேறு புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். அந்தக் கோபம் முழுக்க செகரட்டரி மேல் இறங்கியது. அவர் அதை அப்படியே பவானி அக்கா மேல் இறக்கினார்.

திங்கட்கிழமை வகுப்பில் வந்த பயிற்சியில் இந்த வாக்கியங்களும் இருந்தன. 'இஸ்திரிப் பெண் வியாழன் நான்கு மணிக்கு ஒரு பையுடன் மாடி ஏறினாள். அந்த வீடு பூட்டியிருந்தது. அவள் வேகமாகக் கீழே இறங்கினாள்.' பால்கனி நோட்டிலிருந்து வந்தவை. எதிர்ப்புற மாடிப்படி அவருக்கு நன்றாகத் தெரியும். விருப்பப்பட்டால் சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

இங்கேதான் நான் கெட்டேன். அதுவரை ஒரு வாக்கியத்தில் ஒரு இணைப்புச் சொல்லுக்கு மேல் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்று கை தானாக ஓடியது. 'வீடு பூட்டியிருந்தது, ஸோ பவானி வேகமாக இறங்கினாள், பிகாஸ் புடவை அவளிடம் இருந்தது.' ஸோவும் பிகாஸும் ஒரே வாக்கியத்தில். படித்துப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த செகரட்டரி எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை காப்பி அடிக்கவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

நான் பம்மலுக்கு பஸ் ஏறுவதற்குள் அது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அதே சங்கதியை செகரட்டரி இரண்டு நாளாகத் தமிழில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது ஆங்கிலத்தில், அதுவும் கமா போட்டு வந்திருக்கிறது. மூன்றாவது மாடிக்காரர், 'கிளியராக எழுதியிருக்கிறார்கள்' என்று பதில் போட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இஸ்திரி வண்டியை அப்புறப்படுத்தத் தீர்மானம் என்று மாலையே சுற்றறிக்கை வந்தது.

'அது வெறும் பயிற்சி' என்று நான் குழுவில் எழுதினேன். செகரட்டரி அதற்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அதற்குமேல் நான் எழுதவில்லை. நான் வாடகைக்குக் குடியிருப்பவன், தண்ணீர் மோட்டார் சாவி செகரட்டரியிடம் இருக்கிறது. கோழைத்தனம்தான். வேறு பெயர் வைத்து அதை அழகாக்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் சட்டை வாங்கப் போனேன்.

"இன்னாண்ணா, நீதான் எழுதுனியாமே?"

"அது சும்மா பாடத்துக்குக்கா."

"பாடத்துக்கு எம்பேருதான் கெடச்சுதா?" பெட்டியைச் சட்டை மேல் ஓட்டிக்கொண்டே கேட்டார். "இங்கிலீசுல எய்திட்டா நெசமாயிடுமாண்ணா? இந்த மரத்தாண்டயிருந்து தொரத்திட்டா நான் எங்க போயி வண்டி போடறது? கேம்ப் ரோடு பூரா அவன் அவன் எடம் புட்ச்சு வச்சுகினு கீறான்."

என் சட்டைக் காலரை எப்போதும் போல அழகாக மடித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் வகுப்பறையில் ஒரு மாற்றம் இருந்தது. செகரட்டரியின் வழக்கமான நாற்காலி நகர்த்தப்பட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் தண்ணீர் நிரப்பிய குடம். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பிகாஸ் சாரிடம் ஒரு கேள்வி கேட்டால் அவர் பத்துக் கேள்வி கேட்பார். புதன்கிழமைப் பயிற்சியில் இப்படி வந்தது: 'என் வீட்டில் ஒரு பை இருக்கிறது. அது என்னுடையது அல்ல.' நால்வரும் குனிந்த தலை நிமிராமல் நடுவில் பட் போட்டுச் சேர்த்தோம். செகரட்டரிக்கு அன்றுதான் முதல்முறையாகச் சிவப்பு மையில் 'நன்று' கிடைத்தது. அதை எல்லோருக்கும் காட்டினார்.

சனிக்கிழமை என் மனசு கேட்காமல் மாடி ஏறினேன். வகுப்பில் எழுதிய என் தாள் அவர் மேசையில் இருந்தது. ஸோவும் பிகாஸும் போட்ட அந்த வாக்கியத்துக்குக் கீழே தப்பு என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. 'யார் பார்த்தது?' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"சார், நாளைக்கு மீட்டிங்குக்கு நீங்க வரணும். நீங்க பாத்ததச் சொல்லுங்க."

"மீட்டிங்குக்கு நான் போறதில்ல. முதல்ல வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்குவாங்க. அப்புறம் அதுக்கு மேல எதை எழுதுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தக்கா பொழப்பு போயிடும் சார். என்னாலதான் போவுது."

அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் உண்மையாக வருந்துகிறேனா, வேறு ஏதாவது திட்டம் வைத்திருக்கிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். பவானி அக்கா தூண் ஓரமாக நின்றார். செகரட்டரி தீர்மானத்தைப் படித்து, என் வாக்கியத்தையும் உரக்கப் படித்தார். நான் எழுந்தேன். "அது நான் எழுதுனது. நான் எதையும் பாக்கல. கற்பனை" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அவர் இஸ்திரிக்காரம்மாவுக்குப் பயப்படறார்" என்றார் செகரட்டரி. நாலு பேர் சிரித்தார்கள்.

அப்போது கேட்டுக்கு வெளியே பிகாஸ் சார் வந்தார். ஒரு கையில் நீள நோட்டு. இன்னொரு கையில் தரை துடைக்கும் மாப் கட்டை. கட்டையின் நுனியில், உடம்பிலிருந்து ஆறடி தள்ளி, ஒரு மஞ்சள் பை ஆடிக்கொண்டிருந்தது. கைரேகை பட்டுவிடக் கூடாது என்று அப்படிக் கொண்டுவந்தாராம். வாட்ச்மேன் பயந்து ஒதுங்கி வழி விட்டார்.

யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நோட்டைப் பிரித்தார். "வியாழன் நாலு மணி. இஸ்திரிப் பெண் பையோட ஏறினாங்க. நாலு மணி மூணு நிமிஷம். பை இல்லாம இறங்கினாங்க. வேகமா வந்தாங்க. வண்டியில கரிப்பெட்டி புகைஞ்சிட்டு இருந்தது."

"பை இல்லாமன்னு பாடத்துல போடவே இல்லையே" என்றேன் நான், என்னையும் மீறி.

"மூணு வாக்கியம் போதும்னு நிறுத்திட்டேன்" என்றார். அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். மறுபடி நோட்டுக்குத் திரும்பினார். "வெள்ளி ஆறு இருபத்தஞ்சு. செகரட்டரி வகுப்புக்குப் பையோட வந்தார். ஏழு பத்து. தண்ணி லாரி வந்துடுச்சுன்னு போன் வந்தது. பை இல்லாம ஓடினார். ஏழு நாப்பது. என் வீட்டு நாற்காலிக்கு அடியில ஒரு பை. என்னை மாட்டிவிட யாரோ வச்சிருக்காங்கன்னு டப்பைக் கவுத்து ஒன்பது நாளா காவல் காத்துட்டு இருக்கேன். நான் தொடல."

செகரட்டரி சிரிக்கப் பார்த்தார். "என் கிளாஸ் பை என் வீட்டுலதான் ஆணியில தொங்குது. இதுக்கும் புடவைக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாது. நான் பாத்ததைச் சொன்னேன். சேக்கறது என் வேலை இல்ல."

கூட்டத்தில் சேர்த்துப் பார்த்தவர் ஒருவர்தான். செகரட்டரியின் மனைவி எழுந்து வந்தார். "தினமும் கிளாஸ் பையை மறந்துட்டுப் போறீங்கன்னு நான்தானே அதை கிரில்ல மாட்டி வைப்பேன்? நான் ஊர்ல இல்லாதப்போ கிரில்ல இருந்து எந்தப் பையை எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே மாப் கட்டையிலிருந்து பையைக் கழற்றினார்.

உள்ளே அரக்கு நிறப் புடவை. அதன்மேல் பவானி அக்காவின் கோணல் எழுத்தில் வீட்டு எண் எழுதிய சீட்டு.

செகரட்டரி தீர்மானத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. பவானி அக்கா நேராக வந்து புடவையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"மடிப்பு கலஞ்சு பூட்ச்சும்மா. குடு, இன்னொரு தபா போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.

நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுண்ணா" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு அதிகம் பேசவில்லை. அது நியாயம்தான்.

பிகாஸ் சார் எனக்குக் கொடுத்த தண்டனை வேறு. மூன்று மாதத்துக்கு அண்ட் மட்டும் போட அனுமதி. வகுப்பு முடிந்து போகும்போது என் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார். ஆனால் ஒரு திங்கட்கிழமை தெருவே வேடிக்கை பார்த்த சம்பவம் நடந்தது. அதுவரை சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தே சமாளித்து வந்த மனிதர், ஒரு வெள்ளைச் சட்டையோடு புங்க மரத்தடிக்கு வந்தார்.

"ஏழு பொத்தான். காலர்ல ரெண்டு. எண்ணிக்கோங்க" என்றார்.

"எண்ணிக்கிறேன் சார். நீ போயி குந்து" என்றார் பவானி அக்கா.

சென்ற வருடம் அந்த மாடி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். பிகாஸ் சார் கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பலகைகூட மாட்டவில்லை. மாதம் இரண்டு முறை நான்தான் போய் அவருடைய ஆறு சட்டைகளை வாங்கி வந்து பவானி அக்காவிடம் கொடுக்கிறேன், தேய்த்ததும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

"கீயக்கட்டளையில இஸ்திரி வண்டியே இல்லியாண்ணா?" என்று ஒருநாள் பவானி அக்கா கேட்டார்.

"தெருவுக்கு ரெண்டு இருக்குக்கா. அவங்களை யாருக்குத் தெரியும்ங்கறார்."

அக்கா அந்த ஆறு சட்டைகளை மட்டும் மற்ற துணிகளோடு கலக்காமல் தனியாக வைத்தார்.

போன வாரமும் பையோடு போனேன். வழக்கம்போலக் கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. நான் என்று தெரிந்ததும் முழுசாகத் திறந்தார். பையை வாங்கி அப்படியே அலமாரியில் வைத்தார். முன்பெல்லாம் என் கண் முன்னால் ஒவ்வொரு சட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பொத்தானையும் தொட்டு எண்ணுவார்.

"சார், எண்ணலையா?" என்றேன்.

"நீங்கதானே கொண்டாந்தீங்க" என்றார்.

கீழே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அன்று மழை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள், மழை வரவில்லை. என் கண்ணாடிதான் நனைந்திருந்தது.